எக்செல் உங்கள் இலக்கங்களை மாற்றாமல் தடுப்பது எப்படி?

திருகோணமலையில் கடற்றொழிலாளர் சங்கத்துக்கோ மாதர் சங்கத்துக்கோ உறுப்பினர் பட்டியல் அடிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 026 இல் தொடங்கும் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை அடித்து என்டரைத் தட்டினால் முன்னால் இருந்த பூச்சியம் காணாமல் போய்விடும். 5/2 என்ற வீட்டு இலக்கம் பெப்ரவரி 5 ஆகிவிடும். 12 இலக்க அடையாள அட்டை எண்ணோ, நடுவில் ஓர் ஆங்கில எழுத்து வந்து +11 என்று முடியும் ஏதோ ஒன்றாகச் சுருங்கிவிடும். நிவாரணப் பட்டியலில் ஒருவரின் அடையாள அட்டை இலக்கம் பிழையாகப் போனால் அலைவது அவர்தான். அதனால் இதை ஆரம்பத்திலேயே சரியாகப் பழகிக்கொள்ளுங்கள்.

எக்செல்லுக்கு இலக்கமாகத் தெரிவதெல்லாம் கணக்குப் போடுவதற்கான எண். ஆனால் தொலைபேசி இலக்கங்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டவோ கழிக்கவோ போகாத எதையும் எழுத்தாகவே பதிய வேண்டும்.

முதலில் நிரலைத் தயார் செய்யுங்கள்

எதையும் அடிக்கும் முன், நிரலின் தலையில் உள்ள எழுத்தைக் கிளிக் செய்யுங்கள். முழு நிரலும் தெரிவாகும். கொன்ட்ரோல் கீயுடன் 1ஐ அழுத்தினால் 'போர்மட் செல்ஸ்' பெட்டி திறக்கும். அதில் 'டெக்ஸ்ட்' என்பதைத் தெரிந்து ஓகே கொடுங்கள். இனி நீங்கள் அடிப்பது அப்படியே நிற்கும்.

இந்த வரிசை முக்கியம். அடித்து முடித்த பிறகு டெக்ஸ்ட் ஆக்கினால் போனது திரும்பி வராது. 2025இல் 5/2 என்று அடித்துத் திகதியாகிப்போன கட்டத்தை அப்புறம் டெக்ஸ்ட் ஆக்கினால் 45693 என்று காட்டும். 1900 ஜனவரி 1ஐ முதல் நாளாக வைத்து எக்செல் எண்ணும் நாள் கணக்கு அது. அந்தக் கட்டத்தில் மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.

ஒன்றிரண்டு கட்டங்கள் மட்டும்தான் என்றால், என்டர் கீக்குப் பக்கத்தில் உள்ள ஒற்றை மேற்கோள் குறியை முதலில் போட்டுவிட்டு இலக்கத்தை அடியுங்கள். அந்தக் குறி கட்டத்தில் தெரியாது.

கட்டத்தின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் வந்தால் பயப்பட வேண்டாம். அதைக் கிளிக் செய்து 'இக்னோர் எரர்' கொடுங்கள். 'கன்வர்ட் டு நம்பர்' பக்கம் மட்டும் போகாதீர்கள், பூச்சியம் மறுபடி போய்விடும்.

புதிய எக்செல்லில்

மைக்ரோசொப்ட் 365இல் பைல், ஒப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் 'ஓட்டோமேட்டிக் டேட்டா கன்வெர்ஷன்' இருக்கிறது. அங்குள்ள சரிக்குறிகளை எடுத்துவிடுங்கள். முன் பூச்சியமும் நீண்ட இலக்கங்களும் தப்பும், ஆனால் 5/2 தப்பாது. அதற்கு டெக்ஸ்ட் நிரல்தான் வழி. மார்ச்1 என்பதுபோலப் பெயர் கொண்ட மரபணுக்களை எக்செல் திகதியாக்கிக்கொண்டே இருந்ததால், விஞ்ஞானிகள் 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றினார்கள் என்றால் பாருங்கள்.

சிஎஸ்வி கோப்பு வந்தால்

சிஎஸ்வி என்பது தகவல்களைக் காற்புள்ளியால் பிரித்து வைத்திருக்கும் வெறும் எழுத்துக் கோப்பு. அதை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். வெற்று எக்செல் தாளைத் திறந்து, டேட்டா தாவலில் 'ப்ரொம் டெக்ஸ்ட் / சிஎஸ்வி' மூலம் கோப்பைத் தெரியுங்கள். முன்னோட்டத்தில் 'டேட்டா டைப் டிடெக்ஷன்' என்ற இடத்தில் 'டூ நொட் டிடெக்ட்' என்று தொடங்கும் தெரிவை எடுத்து 'லோட்' கொடுங்கள். சேமிக்கும்போதும் கவனம் வேண்டும். அடையாள அட்டை எண் சுருங்கித் தெரியும் நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால், சுருங்கிய வடிவம்தான் கோப்பில் பதியும்.

நிரலை டெக்ஸ்ட் ஆக்க, கூகுள் ஷீட்ஸில் போர்மட், நம்பர், 'ப்ளெயின் டெக்ஸ்ட்' என்று போங்கள். லிப்ரே ஒபிஸில் எக்செல் போலவேதான்.

ஏற்கெனவே மாறிவிட்டதா?

நம் நாட்டுத் தொலைபேசி இலக்கங்கள் 10 இலக்கம் என்பதால், 'போர்மட் செல்ஸ்' பெட்டியில் 'கஸ்டம்' போய்ப் பத்துப் பூச்சியங்களை அடித்தால் முன் பூச்சியம் மீண்டும் தெரியும். சுருங்கிய 12 இலக்க எண்ணுக்கு 'நம்பர்' வடிவத்தைக் கொடுத்துத் தசம தானத்தைப் பூச்சியமாக்குங்கள், முழுதாக வரும். 15 இலக்கங்களுக்கு மேல் உள்ளவற்றில், 16 இலக்க வங்கி அட்டை எண் போன்றவற்றில், 15ஆவதுக்குப் பிறகு வரும் இலக்கங்களை எக்செல் பூச்சியமாக்கியிருக்கும். அதை மீட்க வழியில்லை. மூலப் படிவத்தை எடுத்துப் பார்த்து, நிரலை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டுத் திரும்ப அடியுங்கள்.