கையைக் கடிக்காத செலவில் திராட்சை கடலை கிராக்கர்

போன வருடம் என் நாத்தனார் டொரன்டோவிலிருந்து வந்தபோது ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே அப்பளம் போல மெல்லிசாக பிஸ்கட். திராட்சை, பருப்பு, எள் எல்லாம் குறுக்கே வெட்டுப்பட்டு அதில் பதிந்திருந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தேன். திராட்சை இருந்த இடம் மட்டும் தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. பல் செட் வைத்திருக்கும் என் மாமியாரே நாலு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் கோவையில் ஒரு கடையில் அதே மாதிரி ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தேன். விலையைப் பார்த்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

செய்முறை தெரிந்த பிறகுதான் இது நம் ரஸ்க்குக்குத் தங்கச்சி முறை என்று புரிந்தது. முதலில் ஒரு ரொட்டி சுட வேண்டும், அதைக் குளிரில் இறுக வைத்து மெல்லிசாக அரிந்து மறுபடியும் சுட வேண்டும். பிஸ்கட் என்ற சொல்லுக்கே லத்தீன் மூலத்தில் இருமுறை சுட்டது என்றுதான் அர்த்தம். வால்நட், பிஸ்தா எதுவும் கட்டாயம் இல்லை. வறுத்த நிலக்கடலை அந்த இடத்தில் அழகாக உட்காரும்.

ஒரு ரொட்டிக்கு நான் எடுக்கும் அளவு இது. கோதுமை மாவும் மைதாவும் தலா அரை கப், ஆப்ப சோடா தலை தட்டி 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், நாட்டுச் சர்க்கரை 4 டேபிள்ஸ்பூன். புளித்த தயிர் முக்கால் கப், அதில் கால் கப் தண்ணீர் ஊற்றிக் கடைந்தது. உலர் திராட்சை அரை கப், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை கால் கப், வெள்ளரி விதை அல்லது பூசணி விதை கால் கப், எள் 2 டேபிள்ஸ்பூன், ஆளி விதை 2 டேபிள்ஸ்பூன். வாசனைக்கு ஊட்டிப் பக்கமிருந்து வரும் ரோஸ்மேரி கிடைத்தால் ஒரு டீஸ்பூன் பொடியாக நறுக்கிப் போடுவேன். இல்லாவிட்டால் ஓமம்.

திராட்சையும் விதைகளும் கோவை ரங்கே கவுடர் வீதியில் மொத்தமாக வாங்குகிறேன். பாக்கெட்டில் வாங்குவதைவிட நன்றாகக் குறைகிறது. முந்திரி வேண்டும் என்பவர்கள் உடைசலாகக் கேளுங்கள். எப்படியும் அரியப்போகிறோம், முழு முந்திரிக்கு எதற்குப் பணம்? டூட்டி ஃப்ரூட்டி மலிவுதான், ஆனால் வேண்டாம். வெறும் தித்திப்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

தயிர் புளித்திருக்க வேண்டும். அந்தப் புளிப்புதான் சோடாவை வேலை செய்ய வைக்கிறது. ஃப்ரிட்ஜில் மூன்று நாளாகக் கிடக்கும் தயிருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மாவு, சோடா, உப்பு, சர்க்கரையைக் கட்டியில்லாமல் கலந்து, திராட்சையையும் பருப்பு விதைகளையும் அந்த உலர்ந்த மாவிலேயே புரட்டுங்கள். அடியில் போய்த் தங்காமல் இருக்க அது உதவும். நிலக்கடலையை இரண்டாக உடைத்துப் போடுங்கள். முதல் தடவை நான் முழுசாகப் போட்டேன். கத்தி பட்ட இடத்திலெல்லாம் கடலை பெயர்ந்து வந்து, துண்டுகள் ஓட்டை ஓட்டையாக நின்றன. கடைசியில் தயிரை ஊற்றி, மாவு நனையும் வரை மட்டும் கிளறி, எண்ணெய் தடவிய பிரெட் டின்னில் கொட்டுங்கள். ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம். குச்சி குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

இனிமேல்தான் பொறுமை. சூடாக இருக்கும்போது கத்தியைக் கொண்டுபோனால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ரொட்டி முழுக்க ஆறியதும் ஒரு கவரில் சுற்றி ஃப்ரீசரில் மூன்று மணி நேரம் வையுங்கள். இரவு முழுவதும் வைத்துக் கல்லாகிவிட்டதா? வெளியே 20 நிமிடம் விடுங்கள். கல்லாக இருப்பதை வெட்டப்போய்க் கத்தி வழுக்கினால் விரல் போய்விடும். பல் வைத்த பிரெட் கத்தியால், அழுத்தாமல் ரம்பம் அறுப்பது போல முன்னும் பின்னும் இழுங்கள். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் வரும் கனம்தான் அளவு. அதைத் தாண்டினால் ரஸ்க் ஆகிவிடும், மாமியார் கையில் எடுக்கமாட்டார். பாதி வெட்டும்போதே ரொட்டி இளகினால் மறுபடியும் ஃப்ரீசருக்குள் வையுங்கள், அவசரமே இல்லை.

துண்டுகளைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி 150 டிகிரியில் 15 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் 10 நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் அடுப்பை விட்டு நகராதீர்கள். சர்க்கரை இருப்பதால் ஓரம் சட்டென்று கறுக்கும், திராட்சை கருகினால் கசக்கும். வெளியே எடுக்கும்போது நடுவில் கொஞ்சம் வளைந்தாலும் கவலைப்படாதீர்கள், ஆறினதும் மொறுமொறுப்பாகிவிடும். பத்து நிமிடம் கழித்து ஒன்றை உடைத்துப் பாருங்கள். டக்கென்று சத்தம் வரவில்லை என்றால் இன்னும் ஐந்து நிமிடம் உள்ளே வையுங்கள்.

எனக்கு 45, 50 துண்டு வருகிறது. கரண்டோடு சேர்த்துக் கணக்குப் போட்டாலும் செலவு நூறு ரூபாயைத் தாண்டியதில்லை. நன்றாக ஆறிய பிறகே எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு இறுக மூடுங்கள், இரண்டு வாரம் தாங்கும். மழை நாளில் நமுத்துப்போனால் திரும்ப 150 டிகிரியில் ஐந்து நிமிடம் போதும். இப்போதெல்லாம் பாதி ரொட்டியை மட்டும் அரிந்துகொள்கிறேன். மீதிப் பாதி, விருந்தாளி வருகிறார் என்று போன் வரும் நாளுக்காக ஃப்ரீசரிலேயே இருக்கிறது.