காலையில் காற்று ஏறாத லாரி

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாமக்கல்லில் 2012 மாடல் பத்துச் சக்கர லாரி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். எஞ்சின் நன்றாக ஓடியது. தொல்லை, பிரேக்குக்கான காற்றில். இரவு நிறுத்தினால் காலையில் காற்றழுத்த முள் பூஜ்யத்தில் கிடக்கும். மீண்டும் காற்று ஏற இருபது நிமிடம். அதுவரை ஹேண்ட் பிரேக் விடாது.

"கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் அண்ணா, பதினெட்டாயிரம் ஆகும்" என்றார் மெக்கானிக். பிரேக்குக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி அது. எனக்கு மனம் ஒப்பவில்லை. காற்றை நிரப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். காற்று டேங்குக்குப் போகும் நைலான் குழாயின் முனையில் நுரை இட்லி போல உப்பியது. முனையை வெட்டிப் புது வாஷர் போட எண்பது ரூபாய். மகனை பிரேக் மிதிக்கச் சொன்னபோது பின் இடது சக்கரத்தில் 'உஸ்' சத்தம்: டயாபிரம் என்ற ரப்பர் தகடு கிழிந்திருந்தது, 350 ரூபாய். அங்கே ஹேண்ட் பிரேக்கின் ஸ்பிரிங் அறையை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் ஆளையே கொன்றுவிடும்.

டேங்க் வால்வைத் திறந்தால் தார் போலக் கறுப்பு எண்ணெய். கம்ப்ரசர் ரிங் தேய்ந்து எஞ்சின் ஆயிலைக் காற்றோடு தள்ளியிருக்கிறது. மெக்கானிக் சொன்னதில் பாதி சரிதான். ரிங், வால்வு, கேஸ்கெட் 3,200, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் கேட்ரிஜ் (எண்ணெயில் ஊறியிருந்தது) 2,100, கூலி 1,800. மொத்தம் 7,530 ரூபாய். இப்போது ஐந்தே நிமிடத்தில் முள் ஏறிவிடுகிறது.