ஹீமோஃபிலியா உள்ள பிள்ளையும் விளையாட்டும்: நாம் எங்கே தவறுகிறோம்?

"ஓடாதே, விழுந்துடாதே, பேசாம உட்காரு." ஹீமோஃபிலியா உள்ள பிள்ளை ஒரு நாளில் அதிகம் கேட்பது இதைத்தான். சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ரத்தம் உறையத் தேவையான புரதமான ஃபேக்டர் 8 (ஏ வகை) அல்லது ஃபேக்டர் 9 (பி வகை) இந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே குறைவு. கடுமையான நிலையில் இயல்பான அளவில் 1 சதவீதம்கூட இருக்காது. அடிபடாமலே முழங்காலிலோ கணுக்காலிலோ முழங்கையிலோ உள்ளுக்குள் ரத்தம் கசியும். வீட்டில் மருந்து வைத்துப் போட்டுக்கொள்ள வழியில்லாத காலத்தில் மருத்துவர்களே விளையாட்டு வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

அந்தப் பழைய அறிவுரையை இன்றும் பிடித்துக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு. மூட்டைத் தாங்கி நிற்பது அதைச் சுற்றியுள்ள தசை. உட்கார்ந்தே இருக்கும் பிள்ளைக்குத் தொடைத் தசை இளைக்கும், முழங்காலுக்குப் பிடிமானம் குறையும். பிடிமானம் இல்லாத மூட்டில் கசிவு இன்னும் எளிதாக வரும். எடையும் ஏறிவிட்டால் அந்தச் சுமையும் அதே மூட்டின் மேல்தான்.

கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள பிரிட்டன் சைக்கிள் வீரர் அலெக்ஸ் டவ்செட், 2015 மே மாதம் ஒரு மணி நேரத்தில் 52.937 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். எல்லாப் பிள்ளையும் சாதனை செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த விளையாட்டைக் கவனியுங்கள்: ஆளோடு ஆள் மோதும் வேலை அதில் இல்லை.

ஏனென்றால் எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. "அதான் ஃபேக்டர் ஊசி போடுகிறோமே, எதை வேண்டுமானாலும் ஆடட்டும்" என்பது. நீச்சல், நடை, மேசைப்பந்து எல்லாம் சரி. ஹெல்மெட்டோடு சைக்கிளும் சரி. குத்துச்சண்டையும் ரக்பியும் மல்யுத்தமும் வேண்டாம், அதில் பேரம் கிடையாது. கால்பந்து, கூடைப்பந்து போன்றவை இடைப்பட்டவை. பிள்ளையின் மூட்டு எப்படி இருக்கிறது, என்ன மருந்து ஓடுகிறது என்று பார்த்து மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டியவை.

மருந்து என்றதும் நேரக் கணக்கு வருகிறது. வழக்கமான ஃபேக்டர் 8 ஊசியின் அளவு ரத்தத்தில் 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். சிறு பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம். முந்தாநாள் போட்ட ஊசியை நம்பி இன்று மைதானத்துக்கு அனுப்புவது நிறையப் பேர் செய்வது. ஆஸ்திரேலியாவில் ஹீமோஃபிலியா உள்ள பிள்ளைகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஃபேக்டர் அளவு 1 சதவீதம் கூடும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு சுமார் 2 சதவீதம் குறைந்தது. ஆகவே ஊசி நாளையும் ஆட்ட நாளையும் பொருத்திக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம். தோலுக்கடியில் போடும் எமிசிஸுமாப் மருந்தில் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. ஆனாலும் பலத்த அடி பட்டால் அதற்கு மேல் ஃபேக்டர் ஊசியும் தேவைப்படலாம்.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு வீட்டுக்குள்தான் நடக்கிறது. வலி என்று சொன்ன அன்றே "இதுக்குத்தான் சொன்னேன், இனி விளையாட்டே கிடையாது" என்று ஆரம்பிப்பது. அடுத்த முறை பிள்ளை சொல்லவே மாட்டான். மூட்டுக்குள் கசிவு தொடங்கும்போது முதலில் லேசாகக் குறுகுறுக்கும், சூடாக இருக்கும், மடக்கி நீட்ட ஒரு மாதிரி இறுக்கமாக இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, அவனுக்கு மட்டும்தான் தெரியும். நம் கண்ணுக்கு வீக்கம் தெரிவதற்குள் உள்ளே ரத்தம் நிறைந்திருக்கும். அந்த ரத்தத்தின் இரும்புச்சத்து மூட்டின் உள்சவ்வை அரித்துத் தடிக்க வைக்கும். தடித்த சவ்வில் மறுபடி கசியும். ஒரே மூட்டில் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை தானாகக் கசிந்தால் அதற்கு மருத்துவர்கள் 'டார்கெட் ஜாயின்ட்' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். உடனே சொன்னால் திட்டு கிடையாது, குணமானதும் மறுபடி ஆடப் போகலாம் என்ற உறுதியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்றவும் வேண்டும்.

அடிபட்ட இடத்தைத் தேய்த்து உருவிவிடுவதும் சூடான ஒத்தடமும் கூடாது. வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள். இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் போதும். தலையில் அடிபட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. கையில் இருக்கும் ஃபேக்டரை முதலில் போட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், பிள்ளை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும். அப்புறம், அடிவயிற்றோரம் வலிக்கிறது, காலை நேராக நீட்ட முடியவில்லை என்றால் தசைப்பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள். இடுப்பின் உட்தசையில் கசிவு இப்படித்தான் தெரியும்.

வலி போனதும் மறுநாளே ஆட விடுவது இன்னொன்று. வலி போவது முதலில், மூட்டு ஆறுவது வெகு நாள் கழித்து. அந்தக் கால் மற்றக் காலைப் போல முழுதாக மடங்குகிறதா, நீள்கிறதா, அதே பலத்தோடு ஊன்ற முடிகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். இதைப் பார்க்க பிசியோதெரபிஸ்ட் இருந்தால் நல்லது.

பள்ளியில் சொல்லாமல் மறைப்பதும் தவறு, "பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதும் தவறு. பயந்துபோன விளையாட்டு ஆசிரியர் வேறென்ன செய்வார், ஓரமாக உட்கார வைப்பார். எது ஆடலாம், எது கூடாது, அடிபட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள்.

பெரும்பாலும் யாரும் யோசிக்காத ஒருத்தி இருக்கிறாள்: அவனுடைய அக்கா அல்லது தங்கை. ஹீமோஃபிலியா மரபணுவைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கும் ஃபேக்டர் அளவு குறைவாக இருக்கும். அவளுக்கு அடிக்கடி தோல் கன்றி நீலம் பாய்ந்தால் ஆட்டத்தில் பட்ட அடி என்று விட்டுவிடுகிறோம். அவளுடைய அளவையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.