பூட்டனாரைத் தேடுவது எப்படி?

வெளிநாட்டு வம்சாவளித் தளங்கள் எடுத்த எடுப்பிலேயே குடும்பப் பெயரைக் கேட்கும். இலங்கைத் தமிழர் நமக்கு ஏது அது? அப்பாவின் பெயர் எனக்கு முதலெழுத்து, அப்பாவுக்கு அப்பப்பாவின் பெயர், இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போவதால் ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக முடியாது. ஆகவே இரண்டு தலைமுறைகளின் பெயர் சேர்ந்து வரும் தாள்களைத்தான் நாம் தேடவேண்டும்.

முதலில் வீட்டு அலுமாரி. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுத ஒரு கூடு இருக்கும், தகப்பன் இங்கே பிறக்காவிட்டால் பூட்டனாருக்கும் ஒன்று. (1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் கேட்டதும் இப்படியான தலைமுறைப் பிறப்புச் சான்றைத்தான்.) பத்திரம் தொலைந்திருந்தால் பிறப்பைப் பதிந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம்.

யாழ்ப்பாணத்துக் குடும்பமா? அப்படியென்றால் கல்வெட்டு. கல்லில் வெட்டியது இல்லை, 31ஆம் நாள் கொடுக்கும் நினைவு மலர்தான். தேவாரம், திருவாசகத்தைத் தாண்டிப் புரட்டினால் இறந்தவரின் பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் என்று வம்சமே இருக்கும். என் அம்மம்மாவுக்கு இன்னொரு தம்பி இருந்தது பெரியம்மா வீட்டுச் சாமியறையில் கிடந்த ஒரு கல்வெட்டில்தான் எனக்குத் தெரியவந்தது, அதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை! 'நூலகம்' என்ற இணையத்தளத்திலும் இப்படியான மலர்களை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள்.

தாய்வழிக்குச் சீதன உறுதியை (சீதனக் காணியை எழுதிக் கொடுத்த பத்திரம்) பாருங்கள். காணி முதுசமாக (பரம்பரைச் சொத்தாக) யாரிடமிருந்து வந்தது, முந்திய உறுதியின் இலக்கம் என்ன என்று எழுதியிருந்தால், அந்த இலக்கத்தோடு காணிப் பதிவகத்துக்குப் போகலாம். கத்தோலிக்கர் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு.

கடைசியாக மரண அறிவித்தல். 'இன்னார் தம்பதியரின் புதல்வரும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் பாசமிகு பாட்டனாரும்' என்று ஒரே வசனத்தில் மூன்று தலைமுறை வந்துவிடும். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை, பழைய பத்திரிகைகளைக் கொழும்பு 7 தேசிய சுவடிகள் கூடத்தில் பார்க்கலாம். ஆனால் இறந்த தேதி கிட்டத்தட்டவாவது தெரியாமல் போகாதீர்கள், புரட்டியே மாதக்கணக்காகிவிடும். வயதானவர்களிடம் ஆண்டைக் கேட்டால் சரிவராது. 58 கலவரத்துக்கு முன்பா பின்பா, 78 சூறாவளியின்போது இருந்தாரா, சின்ன மாமாவின் கலியாணத்துக்கு வந்தாரா என்று கேளுங்கள், மாதம்கூடச் சொல்லிவிடுவார்கள்.