பகோலோட் நகரில் குடும்பக் கடை இனசால்: ஆர்டர் முதல் பில் வரை

பிலிப்பைன்ஸின் நெக்ரோஸ் தீவில், கடலை ஒட்டி இருக்கும் ஊர் பகோலோட். சுற்றிலும் கரும்புத் தோட்டம். ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது கரியில் வாட்டிய கோழி, அதாவது இனசால். விசா, விமானம், சிம் கார்டு பற்றியெல்லாம் வீடியோக்கள் கொட்டிக் கிடப்பதால் அதற்குள் நான் போகவில்லை. கடை வாசலில் நிற்கிறீர்கள், மெனுவில் படம் கூட இல்லை, அடுத்து என்ன செய்வது? இந்தப் பதிவு அதற்குத்தான்.

1. கடையைப் பிடிப்பது

மனோகன் கன்ட்ரி என்ற இனசால் கடைத்தொகுதி ரொம்பப் பிரபலம். முதல் தடவை போகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் என் ஓட்டு தெருவுக்குள் இருக்கும் குடும்பக் கடைகளுக்கே. அப்பா அடுப்படியில், அம்மா கல்லாவில், பிள்ளைகள் பரிமாற, நாலைந்து பிளாஸ்டிக் மேசை. மேப்பில் நட்சத்திரம் பார்த்துத் தேடுவதைவிட, தங்கியிருக்கும் இடத்தின் காவலாளியிடமோ டிரைசிக்கிள் (பக்கத்தில் பெட்டி பூட்டிய மோட்டார் பைக்) ஓட்டுநரிடமோ "நீங்க எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். ஆங்கிலம் தாராளமாகப் புரியும்.

சாயங்காலம் இருட்டும் நேரத்துக்குப் போய்விடுவது நல்லது. புனித வெள்ளியன்று போகாதீர்கள். கத்தோலிக்க ஊர், அன்று இறைச்சி கிடையாது, பாதிக் கடை மூடியிருக்கும். நவம்பர் 1, 2 தேதிகளிலும் குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்விடுவார்கள்.

பருத்திச் சட்டை போதும். புகை வாடை துவைக்கும் வரை போகாது, நல்ல துணியைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

2. அடுப்பை ஒரு பார்வை

உட்காரும் முன் அடுப்புப் பக்கம் போய் நில்லுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கோழி செக்கச்செவேல் என்றிருக்கும். நம்மாட்கள் அதைப் பார்த்து மிளகாய்த்தூள் என்று நினைத்து மிரள்வதுண்டு. அதில் மிளகாயே கிடையாது. நிறம் அச்சுவேத்தே என்ற விதையை எண்ணெயில் காய்ச்சி எடுத்தது. ஸ்பானியர் காலத்தில், 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய வணிகக் கப்பல்களால் அமெரிக்கப் பயிர்கள் பல இந்த நாட்டுக்கு வந்தன. இந்த விதைக்கும் பூர்வீகம் அமெரிக்காதான். கோழியை எலுமிச்சைப்புல், இஞ்சி, பூண்டு, வினிகர், கலமான்சி என்ற குட்டி எலுமிச்சையின் சாறு இவற்றில் ஊறவைத்து, மூங்கில் குச்சியில் குத்தி, வாட்ட வாட்ட அந்தச் சிவப்பு எண்ணெயைத் தூரிகையால் பூசிக்கொண்டே இருப்பார்கள்.

கரி சாம்பல் பூத்து அடங்கி எரிந்தால் நல்ல கடை. தீ நாக்கு எழும்பித் தோல் கருகினால் பக்கத்துக் கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

3. ஆர்டர்

முழுக்கோழி என்று கேட்கக் கூடாது, பாகம் சொல்லிக் கேட்க வேண்டும். மெனுவில் இருப்பவை:

பா-ஆ: கால், தொடையோடு.
பெச்சோ: நெஞ்சு, பெரும்பாலும் இறக்கையோடு வரும்.
பக்பக்: இறக்கை மட்டும்.
இசோல்: வால் பகுதி, முழுக்கக் கொழுப்பு.
அதாய்: ஈரல். பதிகோலோன்: இரைப்பை.

முதல் முறை என்றால் பா-ஆ. பெச்சோ கொஞ்சம் அதிகமாக வெந்தாலே சக்கையாகிவிடும், எனக்குப் பிடிக்காது. கூடவே இசோல் ஒரு குச்சி சொல்லுங்கள். சீக்கிரம் தீர்ந்துவிடும் ஐட்டம் அது.

சோறு தனியாகச் சொல்ல வேண்டும். வெறும் சோறா, பூண்டுச் சோறா என்பார்கள். பூண்டுச் சோறு.

பெரியவர்களை 'மனோங்', 'மனாங்' என்று கூப்பிடுங்கள். அண்ணன், அக்கா மாதிரி. மணிலாவில் கேட்டுப் பழகிய 'குயா', 'ஆத்தே' சொன்னாலும் தப்பில்லை. ஆனால் இங்கே பேசுவது ஹிலிகைனோன், மனோங் என்றதும் முகம் மலரும்.

4. கிண்ணம் (இங்கே நிதானமாகப் படியுங்கள்)

புதிதாக வருகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கோழி வந்ததும் அப்படியே பிய்த்துத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று எழுந்து போகிறார்கள். இனசாலின் பாதிச் சுவையைச் சமையல்காரர் தருகிறார். மீதியை நீங்கள் மேசையில் கலக்க வேண்டும், யாரும் கலந்து தர மாட்டார்கள்.

மேசையில் ஒரு பாட்டில் சினமாக் இருக்கும். மிளகாய், பூண்டு, இஞ்சி எல்லாம் ஊறிக் கிடக்கும் வினிகர். பக்கத்தில் சோயா சாஸ், நெல்லிக்காய் அளவுக்குக் கலமான்சிப் பழங்கள், காந்தாரி இனத்துக் குட்டி மிளகாய். இன்னொரு பாட்டிலில் செம்மஞ்சள் எண்ணெய்.

காலிக் கிண்ணத்தில் முதலில் மிளகாயைப் போட்டு முள்கரண்டியால் நசுக்குங்கள். முழுசாகப் போட்டால் காரம் இறங்காது. பிறகு சினமாக் இரண்டு ஸ்பூன். அடுத்து சோயா சாஸ், அரை ஸ்பூன் மட்டும். இதில்தான் எல்லாரும் கை தவறுகிறார்கள்: கோழியில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, சோயா சாஸைத் தாராளமாக ஊற்றினால் உப்பு தவிர வேறெதுவும் தெரியாது. கடைசியாகக் கலமான்சி இரண்டு. நட்டநடுவில் வெட்டாமல், காம்புக்குக் கொஞ்சம் கீழே தொப்பி மாதிரி சீவிவிட்டு, வெட்டிய பக்கம் மேலே பார்க்கப் பிழிந்தால் விதை உள்ளேயே நிற்கும்.

செம்மஞ்சள் எண்ணெய் கிண்ணத்துக்கு இல்லை, சோற்றுக்கு. அச்சுவேத்தே நிறமேற்றிய கோழிக்கொழுப்பு அது. சூடான சோற்றில் ஒரு ஸ்பூன் விட்டுப் பிசையுங்கள். நெய்ச்சோறு தின்று வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

5. சாப்பிடுவது

பிலிப்பைன்ஸில் வழக்கமாக ஸ்பூனும் முள்கரண்டியும்தான். இனசாலுக்குக் கைதான். 'லபாபோ' என்று கேட்டால் கைகழுவும் இடத்தைக் காட்டுவார்கள். சில கடைகளில் பிளாஸ்டிக் கையுறை தருவார்கள், வாங்கி ஓரமாக வையுங்கள். சூடும் பிசுக்கும் விரலில் தெரியாமல் என்ன சாப்பாடு?

6. பில்

காற்றில் இரண்டு கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரலால் ஒரு செவ்வகம் வரைந்தால் போதும், பில் வரும். 1000 பெசோ நோட்டை நீட்டாதீர்கள். சில்லறைக்குப் பையன் நாலு கடை ஓடுவான். 20, 50, 100 நோட்டுகளாக வைத்திருங்கள். ஜிகேஷ் என்ற செல்போன் பணப்பரிமாற்றச் செயலியின் கியூஆர் ஒட்டியிருக்கும், உள்ளூர் கணக்கு இல்லாத நமக்கு அது பயன்படாது. டிப்ஸ் கட்டாயம் இல்லை.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

தாவோவில் மருத்துவம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது: "மாங் இனசாலும் இதுவும் ஒன்றுதானே அண்ணா?" இல்லை தம்பி. அது 2003இல் பக்கத்துத் தீவின் இலோயிலோவில் தொடங்கி, 2010இல் ஜாலிபீ என்ற துரித உணவுக் குழுமம் 70 சதவீதப் பங்கை வாங்கிய சங்கிலிக் கடை. மாதக் கடைசியில் வயிறு நிறைய அளவில்லாச் சோறு வேண்டுமானால் அதற்குப் போங்கள், குறை சொல்ல மாட்டேன்.

பன்றி சாப்பிடாதவர்களுக்கு: இனசால் கோழிதான். ஆனால் பல கடைகளில் அதே கம்பித்தட்டில் பன்றிக் குச்சிகளும் வேகும். "போர்க் இருக்கா?" என்று கேட்டால் போதாது, "ஒரே அடுப்பா?" என்றும் கேளுங்கள். ஹலால் வேண்டுபவர்கள் சான்றிதழ் மாட்டியிருக்கும் கடையைத் தேடுவதே சரி.

சைவர்களுக்கு வழி சொல்லச் சொன்ன அம்மாவுக்கு: சோறு இருக்கிறது, பப்பாளிக்காய் ஊறுகாய் அச்சாரா கிடைக்கலாம். கீரை கேட்டால் சிப்பி சாஸ் ஊற்றி வரும், வேண்டாம். வீட்டுக்காரரைக் கடையில் விட்டுவிட்டு, நீங்கள் வெல்லம் வைத்துச் சுட்ட பியாயா ரொட்டி வாங்கப் போய்விடுங்கள். வாங்கும்போது பன்றிக்கொழுப்பு சேர்க்கவில்லையே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.