கொழும்பின் ஈரநிலங்களில் நாம் விடும் தவறுகள்

வெள்ளவத்தைக் கால்வாயை ஒட்டிய ஒழுங்கைகளில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. காலையில் ஒரு கபரகொய்யா, அதாவது நீர் உடும்பு, மதிலோரமாய் ஆடி அசைந்து வரும். ஒரு பிள்ளை "அம்மா, முதலை!" என்று கத்தும். அடுத்த நிமிடம் வீட்டுக்குள்ளிருந்து தும்புத்தடி வெளியே வரும். முதல் தவறு அந்தத் தும்புத்தடிதான்.

கபரகொய்யா எலி, நண்டு, செத்த மீன், நாம் வீசும் கோழிக்குடல் எல்லாவற்றையும் தின்று கால்வாயைச் சுத்தம் செய்கிறது. சட்டம் பாதுகாக்கும் பிராணியும்கூட. வழி விட்டால் தன்பாட்டில் போய்விடும். மூலையில் மடக்கினால்தான் வாலால் விளாசும், கடிக்கும். கடிபட்டால் காயம் சீழ் பிடிக்கலாம், உடனே வைத்தியரிடம் போங்கள். முதலையோ என்று சந்தேகம் வந்தால் நாக்கைக் கவனியுங்கள். கபரகொய்யா பிளந்த நாக்கை அடிக்கடி வெளியே நீட்டி மணம் பிடிக்கும். முதலையால் நாக்கை வெளியே நீட்டவே முடியாது. கபரகொய்யாவுக்குக் கழுத்தும் நீளம், கறுத்த உடம்பில் மஞ்சள் புள்ளிகள். ஆனால் கொழும்புப் பக்கத்து நீர்நிலைகளில் உண்மையான முதலையும் இடைக்கிடை தென்படுவதுண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம்.

அடுத்தது பாண். தியசரு, பெத்தகான போன்ற ஈரநிலப் பூங்காக்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது ஒரு றாத்தல் பாணையும் எடுத்துப் போகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பறவைக்கு அதில் சத்தில்லை, ஊறிய மிச்சம் தண்ணீரைக் கெடுக்கும். பாண் போடாமல் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். நீலத் தாழைக்கோழி சம்புப் புதருக்குள்ளிருந்து வெளியே வரும். சிவப்பு அலகு, நீண்ட விரல்கள். ஒரு தண்டைப் பிடுங்கி, கை போலக் காலால் இறுக்கிப் பிடித்து, அடியிலுள்ள மென்மையான வெள்ளைப் பகுதியை மட்டும் கடித்துச் சாப்பிடும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். வெயில் ஏறினால் இதெல்லாம் கிடைக்காது, காலையிலேயே போய்விடுங்கள். சத்தமாகப் பாட்டுப் போடுவதும் வேண்டாம்.

செடிகளில் செய்யும் தவறு இன்னும் அதிகம். ஊதாப் பூவோடு மிதக்கும் ஆகாயத்தாமரை அழகுதான். அழகுக்காகத்தான் அதை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள்; 1909இலேயே அதை ஒழிக்கச் சட்டம் போட வேண்டியதாயிற்று. ஒன்றை வாளியில் வீட்டுக்குக் கொண்டுபோய், அலுத்ததும் கானுக்குள் கொட்டினால், அந்தத் தண்ணீர் மூடிப்போக அதிக காலம் எடுக்காது. வெள்ளம் வரும்போது மழைநீரைத் தாங்கிக்கொள்வது இந்தச் சதுப்புகள்தான். 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் வந்ததை நாம் மறக்கக் கூடாது. தொட்டியில் வைக்க ஆசையென்றால் நம் நீலோற்பலத்தை நாற்றுமேடையில் வாங்குங்கள். அதிலும் கவனம் தேவை: அடர் ஊதா நிறத்தில் விற்பது பெரும்பாலும் அமெரிக்கக் கலப்பினம். நம் தேசிய மலரின் நீலம் வெளிறியது, இதழும் குறைவு.

காட்டரளியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். சிங்களத்தில் கொன் கதுரு என்பார்கள். நீரோரமாய் நிற்கும் இந்த மரத்தின் காய் பச்சை மாங்காயைப் போலவே இருக்கும், பிள்ளைகள் கை நீட்டுவார்கள். உள்ளிருக்கும் பருப்பு இதயத்தையே நிறுத்தக்கூடிய நஞ்சு. பூங்காவுக்குள் நுழைந்ததுமே மரத்தைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, புதருக்குள் புள்ளி போட்ட ஒரு குட்டியைக் கண்டால் "சிறுத்தைக் குட்டி" என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். அது பெரும்பாலும் மீன்பிடிப் பூனையின் குட்டி. ஈரநிலங்களைக் காக்கும் உலக உடன்படிக்கையான ராம்சார் சாசனத்தின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற கொழும்பில், இந்த நகரச் சந்தடிக்கு நடுவிலும் அவை வாழ்கின்றன. குட்டை வால், பருத்த உடம்பு, விரல்களுக்கிடையே ஓரளவு சவ்வு. இரவில் வந்து வீட்டுத் தோட்டத் தொட்டியிலுள்ள மீனைக்கூடப் பிடித்துப் போகும். குட்டி தனியே கிடந்தால் தாய் இரை தேடப் போயிருக்கலாம். அதைத் தொடாமல், நாயை அண்ட விடாமல் தூரத்தில் நில்லுங்கள். நெடுநேரமாகியும் தாய் வரவில்லை, அல்லது குட்டிக்குக் காயம் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.