‘உலகம் அழியப் போகுதா?’: புவி வெப்பமாதல் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மே மாதம், ஒரு கல்யாண மண்டபம். பந்தி முடிந்து ஃபேனுக்கு அடியில் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஃபேன் அனலைத்தான் இறைத்துக்கொண்டிருந்தது. பெரிய மாமா துண்டால் கழுத்தைத் துடைத்தபடி ஆரம்பித்தார்: “என்னமோ குளோபல் வார்மிங்ங்கிறீங்க மாப்ள. அக்னி நட்சத்திரத்துல வெயில் அடிக்காம பின்ன பனியா கொட்டும்? நான் டவுசர் போட்டுத் திரிஞ்ச காலத்துலயும் இதே வெயில்தான்.” அவருடைய பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். போனிலிருந்து தலையைத் தூக்காமலேயே, “தாத்தா, 2030க்கு மேல பூமியே இருக்காது, தெரியும்ல?” என்றாள்.

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. நம் வீடுகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளுக்கு நடுவேதான் ஊஞ்சலாடுகிறது. நானும் இரண்டு பக்கமும் ஆடியிருக்கிறேன் என்பதால், எங்கெங்கே சறுக்குகிறோம் என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

பூமிக்காகக் கவலைப்படுவது

பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலம் முடியும்போது சைபீரியாவில் எரிமலைகள் நெடுங்காலம் கக்கித் தள்ளின. கடல்வாழ் உயிரினங்களில் பத்தில் எட்டு வகைக்கு மேல் பூண்டோடு போயின. பூமி அதையும் தாங்கி, அப்புறம் டைனோசர்களை வளர்த்து, அவற்றையும் வழியனுப்பி வைத்தது. நாம் எரிக்கும் நிலக்கரியால் அது வெள்ளிக் கிரகம் மாதிரி 460 டிகிரி உலையாகிவிடப் போவதில்லை. அதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

கெட வேண்டிய இடம் வேறு. கடந்த பனியுகம் முடிந்து சுமார் 11,700 ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகு பூமியின் வெப்பநிலை பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடியிருக்கிறது. மனிதன் உழுததும், ஊர் கட்டியதும், நெல்லும் கோதுமையும் பயிரிட்டதும் இந்த அமைதியான இடைவெளியில்தான். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று ஒருவர் அடித்துச் சொல்ல வேண்டுமானால், ஆடி வந்தால் இன்ன மாதிரி காற்று, இன்ன மாதிரி மழை என்று பல தலைமுறை பார்த்திருக்க வேண்டும். மேட்டூர் அணையைத் திறக்க ஜூன் 12 என்று நாள் குறித்ததும் அப்படி ஒரு கணக்குதான். பாலத்துக்கு எத்தனை கண், துறைமுகத்துக்கு எவ்வளவு உயரம், வடிகாலுக்கு எவ்வளவு அகலம் என்பதெல்லாம் பழைய மழையையும் பழைய கடலையும் பார்த்துப் போட்டவை. புவி வெப்பமாதல் கை வைப்பது இந்தக் கணக்குகளில்.

‘பூமி சூடாவது ஒன்றரை டிகிரிதானே, ஏசி ரிமோட்டில் அதைவிட மாற்றுகிறோமே’ என்பது இதோடு ஒட்டிய தவறு. 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகச் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 5, 6 டிகிரிதான் குறைவு. அவ்வளவுக்கே வட அமெரிக்காவின் வடபாதி பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. தண்ணீரெல்லாம் பனியாய் நிலத்தில் குவிந்ததால் கடல் மட்டம் 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல் என்பது மீனவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கால் நனையாமல் நடந்தே போயிருக்கலாம். (உடனே குமரிக்கண்டத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், அது வேறு வழக்கு.) அந்த 5, 6 டிகிரி ஏறுவதற்கு ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகள் பிடித்தன. அதில் கால் பங்கை நாம் ஒன்றரை நூற்றாண்டில் ஏற்றிவிட்டோம், அதிலும் பெரும்பகுதி கடந்த ஐம்பது ஆண்டுகளில்.

ஒவ்வொரு மழைக்கும் அதையே குற்றம் சொல்வது

மாமா செய்த தவறு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஒரு நாள் வானிலையை வைத்துக் காலநிலையை அளப்பது. காலநிலை என்பது முப்பது ஆண்டுச் சராசரி மாதிரியான சமாச்சாரம். இதைப் பள்ளிப் புத்தகமே சொல்கிறது. அதற்கு நேர் எதிர்த் தவறைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி சென்னையில் கொட்டியது நினைவிருக்கும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். ‘இதோ பார், புவி வெப்பமாதல்’ என்று அப்போது எழுதியவர்களில் நானும் ஒருவன். அப்புறம் அந்த ஒரு நாள் மழையை எடுத்துக்கொண்டு ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு கணக்குப் போட்டுப் பார்த்தது. அதில் புவி வெப்பமாதலின் கை இருப்பதற்குத் தெளிவான தடயம் கிடைக்கவில்லை. ஏரிக்குள் வீடு கட்டியதற்கும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியதற்கும் தடயம் தேடவே வேண்டாம், கண்ணெதிரே இருக்கிறது.

மன்னார் வளைகுடாவிலும் இதே கதை. அங்கே 21 தீவுகள். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. ‘கடல் மட்டம் உயர்ந்து முழுகிப்போச்சு’ என்று படத்தோடு செய்தி சுற்றும். சுண்ணாம்புக்காகவும் சிமெண்டுக்காகவும் சுற்றியிருந்த பவளப் பாறைகளைப் பல காலம் வெட்டி எடுத்தோம், அலையைத் தடுக்க ஆள் இல்லாமல் தீவு கரைந்தது என்பதுதான் பெரும்பங்கு உண்மை. ஆனால் அதே வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பவளங்கள் வெளுத்தது கடல் சூட்டால்தான். தண்ணீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடாகி, சில வாரம் அப்படியே நின்றால் போதும், பவளம் தனக்குள் குடியிருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். நிறமும் சாப்பாடும் ஒன்றாகப் போய்விடும்.

ஆக ஒரே இடத்தில் ஒரு குற்றத்துக்கு நாம் நேரடிப் பொறுப்பு, இன்னொன்றுக்குக் கரியமில வாயு பொறுப்பு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், ஏரியை விழுங்கியவர்கள் ‘எல்லாம் இயற்கைப் பேரிடர்ங்க’ என்று கழன்றுகொள்வார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஓசோன் ஓட்டையோடு குழப்புவது

‘ஓசோன்ல ஓட்டை விழுந்து வெயில் உள்ள வருது, அதான் சூடு.’ ஆட்டோவில், சலூனில், ஏன், ஆசிரியர்கள் அறையில்கூடக் கேட்டிருக்கிறேன். இரண்டும் வேறு வேறு. ஓசோன் படலம் தடுப்பது புற ஊதாக் கதிரை. அது குறைந்தால் தோல் புற்றுநோயும் கண்புரையும் கூடும். சூடு கூடுவதற்குக் காரணம், பூமி திருப்பி அனுப்பும் வெப்பத்தைக் கரியமில வாயு போன்றவை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்வது. ஓசோனை அரித்த ரசாயனங்களுக்கு 1987இல் மான்ட்ரியலில் கடிவாளம் போட்டாயிற்று, படலம் மெல்லத் தேறி வருகிறது.

ஆனால் இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் மதுரையில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன். இளம் பொறியாளராக அவர் செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். பெட்டியிலிருந்து வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. அந்த வாயுதான் ஓசோனை அரிக்கும் குளோரோஃப்ளூரோகார்பன். பின்னாளில் அமெரிக்காவில் ஆய்வு செய்யும்போது அதே வாயுவைக் கையில் எடுத்தார். அதன் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறைவிடப் பல ஆயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று 1975இல் எழுதினார். அதுவரை கரியமில வாயு ஒன்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வீட்டில் ஏசி இருந்தால் வெளியே தொங்கும் பெட்டியின் ஸ்டிக்கரைப் பாருங்கள், உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயுவின் பெயர் இருக்கும். ஆர்-410ஏ என்றிருந்தால், அந்த வாயு ஒரு கிலோ கசிவது நூறாண்டுக் கணக்கில் சுமார் 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-32 என்றால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ‘கேஸ் இறங்கிடுச்சு சார், ஃபில் பண்ணிடலாம்’ என்று மெக்கானிக் சொல்லும்போது, எங்கே இறங்கியது, அந்த ஓட்டையை அடைத்தாயிற்றா என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

டம்ளர் ஐஸை வைத்துக் கடலைக் கணக்கிடுவது

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு, நாலு ஐஸ் கட்டி போட்டு, தண்ணீர் மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். ஐஸ் கரைந்த பிறகும் மட்டம் ரப்பர் பேண்டிலேயே நிற்கும். இதைச் செய்து காட்டி, ‘பார்த்தீங்களா, பனி உருகினா கடல் ஏறாது’ என்று முடிக்கும் வீடியோ வாட்ஸ்அப்பில் பல முறை வந்திருக்கிறது. சோதனை சரி, முடிவு தப்பு. மிதக்கும் ஆர்க்டிக் பனிக்குத்தான் அது பொருந்தும். அதே ஐஸை டீ வடிகட்டியில் போட்டு டம்ளருக்கு மேல் வையுங்கள்: சொட்டச் சொட்ட மட்டம் ரப்பர் பேண்டைத் தாண்டும். கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் வடிகட்டியில் இருக்கும் ஐஸ். கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் மட்டும் கடல் 7 மீட்டர் உயரும். இது போக, தண்ணீர் சூடானாலே விரியும். அதுவும் கணக்கில் சேரும்.

அதற்காக ‘இன்னும் பத்து வருஷத்தில் மெரினா கிடையாது’ என்பதும் வேண்டாம். கிரீன்லாந்து முழுக்க உருக நூற்றாண்டுகள் போதாது, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். 1901 முதல் 2018 வரை கடல் ஏறியது 20 சென்டிமீட்டர், ஆனால் வேகம் கூடிக்கொண்டிருக்கிறது. ஐ.நா.வின் காலநிலைக் குழு, இந்த நூற்றாண்டு முடிவுக்குள் ஏறக்கூடியது சுமார் 30 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை என்கிறது, நாம் எவ்வளவு எரிக்கிறோம் என்பதைப் பொறுத்து. அரை மீட்டர் என்றால் முழங்கால் அளவுதான். ஆனால் புயல் அன்றைக்கு வரும் அலை அந்த முழங்காலின் மேல் ஏறி நின்றுகொண்டு வரும். அதற்கு வெகு முன்பே கடலோரக் கிராமத்தில் அடிபம்பு உப்புக் கரிக்கத் தொடங்கும்.

சட்டென்று சொல்லிவிடக் கூடியவை

சூரியன்தான் காரணமா? 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. சூரிய ஒளி கூடவில்லை. சூரியன் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகியிருக்க வேண்டும், அது குளிர்ந்துகொண்டிருக்கிறது. எரிமலையா? ஓர் ஆண்டில் அவை கக்கும் கரியமில வாயு, நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. காற்றில் வெறும் 0.04 சதவீதம் இருக்கும் கரியமில வாயு என்ன செய்துவிடும்? கரியமில வாயு மாதிரி வெப்பத்தைப் பிடித்து வைக்கும் பசுமை இல்ல வாயுக்களே இல்லாவிட்டால் பூமியின் சராசரி மைனஸ் 18 டிகிரி. இப்போது இருப்பது சுமார் 15. கொஞ்சமாய் இருப்பதுதான் இத்தனையும் செய்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயுவை 420க்கு மேல் கொண்டுபோயிருக்கிறோம்.

பூமி சூரியனை விட்டு விலகிப் போவதால் குளிரும் என்று ஜூலை தோறும் வரும் ஃபார்வர்டு தனி ரகம். ஜூலையில் தூரம் 15.2 கோடி கிலோமீட்டர், ஜனவரியில் 14.7 கோடி. ஆண்டுதோறும் இதே கதைதான். அழித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

2030உம் மரக்கன்றும்

பேத்தி சொன்ன 2030 எங்கிருந்து வந்தது? 2018இல் ஐ.நா. குழு ஓர் அறிக்கை கொடுத்தது: தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடக் கூடும் வெப்பம் 1.5 டிகிரிக்குள் நிற்க வேண்டுமானால், 2030க்குள் கரியமில வாயு வெளியீடு 2010 அளவிலிருந்து ஏறத்தாழ 45 சதவீதம் குறைய வேண்டும் என்று. அது ‘12 வருஷம்தான் பாக்கி’ என்று தலைப்பாகி, தலைப்பு ‘உலகம் முடியும் தேதி’ ஆகிவிட்டது. 2024ஆம் ஆண்டின் சராசரி 1.5ஐத் தாண்டியும்விட்டது. ஓர் ஆண்டு தாண்டுவதும் நீண்ட காலச் சராசரி தாண்டுவதும் ஒன்றல்ல; இருந்தாலும் 2025 ஜனவரி ஒன்றாம் தேதி பால் பாக்கெட் வழக்கம்போல்தான் வந்தது. 1.5 என்பது மலை விளிம்பு மாதிரி இல்லை, இறங்க இறங்கச் செங்குத்தாகும் சரிவு. அதே அறிக்கையின்படி 1.5இல் உலகப் பவளங்களில் 70 முதல் 90 சதவீதம் போகும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கு மேல். தாண்டிவிட்டோம், இனி என்ன செய்து என்ன என்று கையை விரிப்பவர்கள் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ளதைத் தாரை வார்க்கிறார்கள்.

மரக்கன்று விஷயமும் அப்படித்தான். நடுவதில் தப்பில்லை, நிழலாவது கிடைக்கும். ஆனால் ஹவாயின் மவுனா லோவாவில் 1958 முதல் அளந்துவரும் கரியமில வாயு வரைபடத்தைப் பாருங்கள். ரம்பப் பல் மாதிரி இருக்கும். வட கோளத்துக் கோடையில் காடுகள் தழைத்து இழுக்கும்போது அளவு இறங்கும், இலை உதிர்ந்து மக்கும்போது ஏறும். உலகத்துக் காடுகள் மூச்சு விடுவது அப்படியே தெரியும். ஆனால் ரம்பம் முழுவதும் சாய்ந்து மேலேதான் போகிறது, ஏனென்றால் பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த கரியை ஆண்டுக்கு 3,700 கோடி டன் கரியமில வாயுவாக ஊதிக்கொண்டிருக்கிறோம். அதைக் குறைக்காமல் பள்ளி வாசலில் பத்து கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை.

மண்டபத்தில் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. மாமாவிடம் ஒன்றுதான் கேட்டேன்: “வெயில் அதேதான்னு வச்சுக்குவோம் மாமா. ராத்திரி?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அது வாஸ்தவம்தான். சித்திரையில மொட்டை மாடில தண்ணி தெளிச்சுப் படுப்போம். விடியக்காலம் போர்வை தேடுவோம். இப்ப ரெண்டு மணிக்கும் தரை சுடுது.” பசுமை இல்ல வாயுக்கள் இரவிலும் வெப்பத்தைப் போகவிடாமல் பிடித்து வைப்பவை. உலகின் பல பகுதிகளில் பகலைவிட இரவுகள் வேகமாகச் சூடாகியிருக்கின்றன என்று அளந்து வைத்திருக்கிறார்கள். சொன்னேன்.

“அதுக்கு நீ சொல்ற கேஸு காரணமா, பக்கத்துல நாலு மாடி கட்டியிருக்கானே அது காரணமா?” என்றார்.

“ரெண்டும்தான் மாமா.”

“எது எவ்வளவுன்னு சொல்லு பாப்போம்” என்று நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பேத்தி போனைக் கீழே வைத்துவிட்டாள்.